குப்பை நிலையம் வருமுன் ஊருக்கு எப்படிச் சொல்வது?

ஒரு நகராட்சி, நாளொன்றுக்கு 50 டன் குப்பையைக் கையாளும் நிலையம் ஒன்றைத் திட்டமிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உரக்கூடம், மக்காத குப்பையைத் தரம் பிரிக்கும் கூடம், எதற்கும் உதவாமல் மிஞ்சுவதைப் புதைக்க ஒரு நிலநிரப்பு. நகராட்சி எல்லைக்குள் இடமில்லை. பக்கத்து ஊராட்சியில் 25 ஏக்கர் புறம்போக்கு இருக்கிறது. அந்த ஊருக்கு யார், எப்போது, எந்த வழியில் சொல்வது?

கைவசம் உள்ள வழிகள் நான்கு: நாளிதழ் விளம்பரத்துடன் கருத்துக்கேட்புக் கூட்டம், கிராம சபை, வீட்டுக்கு வீடு அறிவிப்புத் தாளும் தளத்தில் பலகையும், ஒலிபெருக்கியும் வாட்ஸ்அப்பும். இவற்றில் முதலாவது மட்டுமே பெரிய நிலையங்களுக்குச் சட்டக் கட்டாயம். அதைச் செய்துவிட்டால் போதும் என்று பல அலுவலகங்கள் நினைக்கின்றன. போதாது என்பதே இந்தக் கட்டுரையின் நிலை. சட்டம் கேட்கும் விளம்பரம் வரும் நாளில் இடம் முடிவாகியிருக்கும், சுற்றுச்சூழல் தாக்கம் பற்றிய வரைவு அறிக்கையும் அச்சாகியிருக்கும். அந்த நேரத்தில் ஊர் சொல்லக்கூடியது "வேண்டாம்" ஒன்றுதான். "அந்தத் தாழ்வில் வைக்காதீர்கள், ஐப்பசியில் தண்ணீர் நிற்கும், மேட்டுப்பக்கம் வையுங்கள்" என்று சொல்லும் கட்டம் தாண்டிப்போயிருக்கும். ஆகவே எந்த வழி என்பதோடு எந்த நேரம் என்பதையும் சேர்த்தே ஒப்பிட வேண்டியிருக்கிறது.

முதலில் எந்த அனுமதி என்று பாருங்கள்

2006 செப்டம்பர் 14-ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில், பொது நகராட்சித் திடக்கழிவு மேலாண்மை வசதிகள் அளவு வேறுபாடின்றி 'பி' வகையில் வைக்கப்பட்டன. மாநில அளவிலான மதிப்பீட்டு ஆணையம் முன்அனுமதி தரும். 'பி1' என்று வகைப்படுத்தினால் மதிப்பீட்டு அறிக்கையும் கருத்துக்கேட்பும் உண்டு. 'பி2' என்றால் இரண்டும் இல்லை. ஏற்கெனவே அனுமதி பெற்ற தொழிற்பேட்டைக்குள் அமையும் திட்டத்துக்கும் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு உண்டு.

தெருமுனையில் வரும் நுண் உரக்கூடம், சின்னத் தரம் பிரிப்புக் கொட்டகை, சின்ன வண்டியிலிருந்து பெரிய லாரிக்குக் குப்பையை மாற்றும் நிலையம் போன்றவை நடைமுறையில் இந்த வலைக்குள் வருவதில்லை. 1974-ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், 1981-ஆம் ஆண்டின் காற்றுச் சட்டம் ஆகியவற்றின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தரும் இசைவு, நாளொன்றுக்கு 5 டன்னைத் தாண்டினால் 2016 திடக்கழிவு விதிகள் கேட்ட அங்கீகாரம், அவ்வளவுதான். இந்த இசைவுக்கு ஊரைக் கூட்டிக் கேட்கும் கடமை எதுவும் இல்லை. வீடுகளுக்கு மிக அருகில் வருபவை இந்தச் சிறிய நிலையங்களே. சட்டம் எதுவும் கேட்காத இந்த இடத்தில் என்ன செய்வது என்பதை உள்ளாட்சி தானாகத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நாளிதழ் விளம்பரமும் கருத்துக்கேட்பும்

இதன் பலம், ஒவ்வொரு படியும் எழுதப்பட்டிருப்பது. திட்டக்காரர் வரைவு அறிக்கையின் குறைந்தது 10 அச்சுப் பிரதிகளையும், ஆங்கிலத்திலும் மாநில மொழியிலும் சுருக்கத்தையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உறுப்பினர் செயலரிடம் தருகிறார். 7 நாளுக்குள் தேதியும் இடமும் முடிவாக வேண்டும். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு வட்டார மொழி நாளிதழிலும் விளம்பரம் வர வேண்டும். அன்றிலிருந்து குறைந்தது 30 நாள் அவகாசம். கூட்டத்துக்கு மாவட்ட ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை ஏற்பார். முழுவதும் வீடியோ எடுக்கப்படும். கடைசியில் நடவடிக்கைச் சுருக்கத்தை மக்கள் மொழியில் படித்துக்காட்டி, அன்றே கையொப்பமிட வேண்டும். மொத்தம் 45 நாள். கூட்டம் முடிந்த 8 நாளுக்குள் நடவடிக்கைக் குறிப்பு ஆணையத்துக்குப் போக வேண்டும்.

நாள்கணக்கைக் கூட்டிப் பாருங்கள். 7-ம் 30-ம் சேர்ந்தால் 37. கையில் மிஞ்சுவது 8 நாள். விளம்பரம் ஒரு வாரம் தாமதித்து 14-ஆம் நாள் வந்தால், கூட்டம் 44-ஆம் நாளுக்குத் தள்ளப்படும். அவசரத்தில் 30 நாளைச் சுருக்கிவிடும் தவறு இங்கேதான் நடக்கிறது. வழக்கு என்று போனால் எளிதில் நிரூபிக்கக்கூடிய குறையும் இதுவே, விளம்பரத் தேதியும் கூட்டத் தேதியும் இருந்தால் போதும். 2020-ஆம் ஆண்டின் வரைவு அறிவிக்கை இந்த 30 நாளை 20 ஆகக் குறைக்க முன்வந்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. கூலி வேலைக்குப் போகிறவர் ஒரு சுருக்கத்தை யாரிடமாவது கொடுத்துப் படிக்கச் சொல்லி, நாலு பேரிடம் பேசி, கேள்வியை ஒழுங்குபடுத்த 30 நாளே குறைவு.

பலவீனங்கள் சிறுசிறு விஷயங்களில் இருக்கின்றன. விளம்பரத்தில் சர்வே எண் இருக்கும், ஊர்க்காரர் அந்த இடத்தை அழைக்கும் பெயர் இருக்காது. 'புல எண் 214/2' என்றால் யாருக்கும் தெரியாது. 'ஏரிக்கரை மேல்புறம், பழைய கல்குவாரி' என்றால் குழந்தைக்கும் தெரியும். விளம்பரம் வந்த பதிப்பு அந்த வட்டத்துக்கு வராத பதிப்பாக இருக்கலாம். கூட்டம் திட்ட இடத்திலோ அதற்கு மிக அருகிலோ நடக்க வேண்டும் என்று அறிவிக்கை சொல்லியும், வசதியான மண்டபம் தேடி ஊரைவிட்டு வெகுதூரம் போய்விடுவதுண்டு. பேருந்து இல்லாத இடத்தில், வேலை நாள் காலை 11 மணிக்கு வைத்தால், வருகிறவர்கள் யாராக இருப்பார்கள் என்று முன்பே சொல்லிவிடலாம்.

வருகைப் பதிவேடு தனிச் சிக்கல். வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை நடவடிக்கைக் குறிப்போடு இணைக்க வேண்டும். ஆனால் வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டால் அதைச் சம்மதமாகக் காட்டிவிடுவார்கள் என்ற அச்சம் பல ஊர்களில் உண்டு. அந்த அச்சத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. பதிவேட்டின் ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் "வருகைப் பதிவு மட்டும், திட்டத்துக்கு ஒப்புதல் அல்ல" என்று அச்சிட்டால் வாசலில் நடக்கும் பாதி வாக்குவாதம் அடங்கும். கூட்டத்துக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் தேவையில்லை என்பதும் மக்களுக்குத் தெரிய வேண்டும். யாரும் வராமல் புறக்கணித்தாலும் கூட்டம் நடந்ததாகவே கொள்ளப்படும். எதிர்ப்பைப் பதிவு செய்ய நினைப்பவர் உள்ளே போய்ப் பேசுவது, அல்லது எழுத்தில் தருவதுதான் வழி.

சொன்னதற்குப் பதில் கிடைக்குமா? உத்கர்ஷ் மண்டல் வழக்கில் தில்லி உயர்நீதிமன்றம் 2009-இல், கருத்துக்கேட்பில் எழுந்த ஆட்சேபங்களை, அனுமதிக்குப் பரிந்துரை செய்யும் மதிப்பீட்டுக் குழு தள்ளுபடி செய்தால் காரணம் சொல்ல வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே ஆட்சேபத்தைக் குறிப்பாகச் சொல்வது பயன் தரும். "நாற்றம் வரும்" என்பதைவிட "அறிக்கையின் இந்தப் பக்கத்தில் அருகிலுள்ள வீடு 600 மீட்டரில் என்று இருக்கிறது, எங்கள் தெரு 250 மீட்டரில் இருக்கிறது" என்பதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும்.

இன்னொரு ஓட்டை எல்லையில் இருக்கிறது. கருத்துக்கேட்பு மாவட்ட வாரியானது. திட்ட இடம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அங்கேதான் கூட்டம். நிலையம் மாவட்ட எல்லையை ஒட்டி இருந்தால், ஓடையின் மறுகரையில் இருப்பவருக்குக் குப்பையிலிருந்து வழியும் கசிவுநீர் வரும், அறிவிப்பு வராது.

கிராம சபை

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தேவைப்பட்டால் சிறப்புக் கூட்டமும் கூட்டலாம். 7 நாள் முன்னறிவிப்பு. மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். கருத்துக்கேட்பில் இல்லாத எண்ணிக்கைக் கட்டாயம் இங்கே இருக்கிறது. பேச்சும் ஊர்ப் பேச்சாகவே இருக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவரும் எழுந்து கேட்பார். தீர்மானம் பதிவேட்டில் ஏறும்.

ஆனால் குப்பை நிலையத்துக்கு அனுமதி தருவதோ மறுப்பதோ கிராம சபையின் கையில் இல்லை. தீர்மானம் வலுவான சான்று, தடையாணை அல்ல. இதை முன்கூட்டியே தெளிவாகச் சொல்லாமல் கூட்டத்தைக் கூட்டினால், "தீர்மானம் போட்டோமே, பின் எப்படி வந்தது?" என்ற கோபம் நியாயமாகவே எழும். வழக்கமான கிராம சபையில் நிகழ்ச்சி நிரல் நெரிசலாக இருக்கும். நூறுநாள் வேலை, குடிநீர், வீட்டு வசதித் திட்டம் எல்லாம் முடிந்து கடைசிப் பத்து நிமிடத்தில் குப்பை நிலையம் வந்தால், அது சொன்னதாகவும் ஆகாது, கேட்டதாகவும் ஆகாது. இதற்கென்று தனிச் சிறப்புக் கூட்டம் வைப்பதே சரி. வாக்காளர் பட்டியலில் இல்லாத வாடகைக் குடும்பங்களும் வெளியூர்த் தொழிலாளர்களும் விடுபடுவார்கள் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பேரூராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கிராம சபை கிடையாது. அங்கே பகுதி சபையும் வார்டு குழுவும்தான்.

வீட்டுக்கு வீடு தாள், தளத்தில் பலகை

இந்த நான்கில் நாங்கள் அதிக எடை கொடுப்பது இதற்கே. செலவும் உழைப்பும் கூடுதல், ஆனால் யாருக்குச் சொன்னோம் என்று ஒவ்வொரு பெயராகக் காட்ட முடிவது இதில் மட்டும்தான்.

எத்தனை தூரம் வரை கொடுப்பது? 2016 விதிகளின் முதல் அட்டவணை நிலநிரப்பைக் குடியிருப்பு, நெடுஞ்சாலை, பூங்கா, குடிநீர்க் கிணறு ஆகியவற்றிலிருந்து 200 மீட்டரும், குளத்திலிருந்து 200 மீட்டரும், ஆற்றிலிருந்து 100 மீட்டரும் தள்ளி வைக்கச் சொன்னது. அந்த 200 மீட்டரை அப்படியே அறிவிப்பு வட்டமாக எடுத்துக்கொள்வது தவறு. நாற்றம் வட்டமாகப் பரவுவதில்லை. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடிக்கும்போது கிழக்குப் பக்கத் தெருக்களுக்குப் போகும், ஐப்பசிக்குப் பிறகு வாடைக்காற்றில் தெற்கும் தென்மேற்கும் வாங்கும். காற்றில்லாத இரவில் பள்ளத்தில் தேங்கும். எனவே 500 மீட்டர் வட்டத்துக்குள் எல்லா வீடுகள், காற்றடிக்கும் திசையில் ஒரு கிலோமீட்டர் வரை, நீர்ச்சரிவின் கீழ்ப்பக்கத்துக் கிணற்றுக்காரர்கள், லாரி போகும் சாலையின் இரு மருங்கு என்று நான்கு பட்டியல் எடுங்கள். லாரிப் பாதையைத்தான் எல்லோரும் மறப்பார்கள். நிலையம் எங்கோ இருக்கும்; சாறு சொட்டச் சொட்ட வண்டி போவது பள்ளிக்கூட வாசலில்.

தாளில் இருக்க வேண்டியவை, ஒரே பக்கத்தில்:

- இடம்: ஊர்ப் பெயர், அடையாளம், பிறகு சர்வே எண்.
- நாளொன்றுக்கு எத்தனை டன், எந்தெந்த ஊர்க் குப்பை, எந்த வகை.
- வண்டிக் கணக்கு, பாதை, நேரம்.
- கசிவுநீர் எங்கே சேரும், எங்கே சுத்தமாகும், மழையில் நிரம்பினால் என்ன ஏற்பாடு.
- மிஞ்சும் கழிவு எங்கே போகும்.
- முடிவெடுப்பது யார், ஆட்சேபத்தை எங்கே, எந்தத் தேதிக்குள் தருவது, அறிக்கையை எங்கே படிக்கலாம்.
- பொறுப்பு அலுவலரின் பதவியும் தொலைபேசியும்.

வண்டிக் கணக்கை உண்மையாகப் போடுங்கள். 50 டன்னை குப்பையை அழுத்தி 8 டன் ஏற்றும் காம்பாக்டர் லாரியில் கொண்டுவந்தால் 7 நடை, போக வர 14 முறை. அதே குப்பை வீதியில் சேகரிக்கும் சின்ன வண்டியில் 650 கிலோ வீதம் நேரே வந்தால் 77 நடை, போக வர 154 முறை. தாளில் 14 என்று எழுதிவிட்டு முதல் மாதம் லாரி பழுதாகி 154 ஓடினால், அதன்பின் அலுவலகம் சொல்லும் எந்த எண்ணையும் ஊர் நம்பாது. இரண்டு எண்ணையும் போட்டு, எந்த நிலையில் எது என்று எழுதிவிடுங்கள். மிச்சக் கழிவும் அப்படித்தான். ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும் என்று வடிவமைத்தால் நாளொன்றுக்கு 10 டன் புதைக்கப் போகிறீர்கள். 'கழிவில்லா நிலையம்' என்று தாளில் எழுதக்கூடாது.

800 வீட்டுக்கு இருவர் கொண்ட குழு நாளுக்கு 60 வீடு என்றால், ஒரு குழுவுக்கு 14 நாள், இரண்டு குழுவுக்கு ஒரு வாரம். பூட்டியிருக்கும் வீட்டுக்கு மாலையில் இரண்டாம் முறை போக வேண்டும். பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் கேட்டால் முன்சொன்ன அச்சம் இங்கும் வரும். பதிவேட்டில் வீட்டு எண், தேதி, நேரம் குறித்தால் போதும், கையொப்பம் விருப்பத்துக்கு விடலாம். தூய்மைப் பணியாளர்களைக் கொண்டு இதைச் செய்யவே வேண்டாம். கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பு அவர்களுடையதல்ல, கோபம் மட்டும் அவர்கள்மேல் விழும். உதவிப் பொறியாளரோ சுகாதார ஆய்வாளரோ குழுவில் இருக்க வேண்டும்.

பலகை 6 அடிக்கு 4 அடி, தகரத்தில் வண்ணப்பூச்சு எழுத்து. ஃப்ளெக்ஸ் வெயிலில் வெளுத்துக் காற்றில் கிழிந்துபோகும். தளத்தின் உட்புற வாயிலில் வைப்பதில் பயனில்லை. பேருந்து நிறுத்தம், ரேஷன் கடை, சாலைப் பிரிவு ஆகிய இடங்களில் வைக்க வேண்டும். வைத்த நாளிலும், 15-ஆம் நாளிலும், 30-ஆம் நாளிலும் தேதியோடு படம் எடுத்துக் கோப்பில் சேருங்கள்.

மொழி விஷயத்தில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு நல்ல விதி இருக்கிறது. நிலையத்துக்கு மிக அருகிலுள்ள தொடக்கப் பள்ளியோ நடுநிலைப் பள்ளியோ இருமொழிக் கல்வி அளிக்கும் கடமை உள்ளதாக இருந்தால், அந்த இரண்டாவது மொழியிலும் அனுமதி அறிவிப்பு வர வேண்டும். மக்கள்தொகைக் கணக்கைத் தேடாமல், பள்ளிக்கூடத்தைப் பார்த்தே மொழியை முடிவு செய்துவிடலாம். ஓசூர், திருத்தணி, கன்னியாகுமரிப் பக்கங்களில் தெலுங்கும் கன்னடமும் மலையாளமும் வீட்டு மொழியாக இருக்கும் தெருக்களுக்கு நாமும் இதைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒலிபெருக்கியும் வாட்ஸ்அப்பும்

நாளிதழ் போகாத இடங்களில் பறையறைந்து அறிவிக்கலாம் என்கிறது 2006 அறிவிக்கை. தமிழ்நாட்டில் 2022 ஆகஸ்டில் தண்டோரா போடுவதை அரசு கைவிடச் சொல்லிவிட்டது. ஒலிபெருக்கி கட்டிய வண்டிதான் மாற்று. கூட்டத்துக்கு முந்திய மாலையும் அன்று காலையும் நினைவூட்ட இது மிக நல்லது. விவரம் சொல்ல உதவாது, ஓடும் வண்டியிலிருந்து இரண்டு வாக்கியத்துக்குமேல் காதில் விழாது.

வாட்ஸ்அப் வேகமானது, அதே வேகத்தில் திரிபும் போகும். கூட்டத் தேதி மாறினால், பலருக்குக் கைமாறிப் போன பழைய செய்தியைத் திரும்பப் பெற முடியாது. அச்சுத் தாளின் படத்தையே, அறிவிப்பு எண்ணோடு அனுப்புங்கள். தனியாகத் தட்டச்சு செய்த சுருக்கம் வேண்டாம். இவை இரண்டும் துணை வழிகள். இவற்றை மட்டும் நம்பித் திட்டம் போடுவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

இடம் முடிவாகும் முன்பா, பின்பா?

கேரளத்தில் விளப்பில்சாலை இதற்குப் பக்கத்து உதாரணம். திருவனந்தபுரம் நகரத்தின் குப்பை, விளப்பில் என்ற பக்கத்துப் பஞ்சாயத்துக்கு 2000-ஆம் ஆண்டிலிருந்து போனது. 2011 டிசம்பரில் பஞ்சாயத்து நிலையத்தைப் பூட்டியது. 2012 பிப்ரவரியில் நீதிமன்ற ஆணையோடும் போலீசோடும் லாரிகள் வந்தும் மக்கள் வழிமறித்தார்கள், லாரிகள் திரும்பின. ஆணை கையில் இருந்தும் குப்பை போகவில்லை. பயன் ஒரு உள்ளாட்சிக்கு, சுமை இன்னொன்றுக்கு என்ற அமைப்பில் தாமதமாகப் பேசத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்பதை அங்கே பார்க்கலாம்.

முன்கூட்டியே பேசுவதென்றால், மூன்று இடங்களைக் குறுகிய பட்டியலில் வைத்துக்கொண்டு, நில மாற்றத்துக்கு முன்பே மூன்று ஊர்களிலும் சொல்வது. இதற்கு விலை உண்டு: ஒரு ஊர் எதிர்க்கும் இடத்தில் மூன்று ஊர்கள் எதிர்க்கும், நிலத் தரகர்களும் மூக்கை நுழைப்பார்கள். அதைக் குறைக்க, இடங்களை வெளியிடும் முன் அளவுகோலை வெளியிடுங்கள்: நிலத்தடி நீர் ஆழம், அருகிலுள்ள வீட்டின் தூரம், வெள்ளம் தேங்குமா, சாலை அகலம், மேய்ச்சலுக்கோ சுடுகாட்டுக்கோ இப்போது பயன்படுகிறதா. கிடைக்கும் லாபம் பெரிது. எந்தக் கிணறு குடிநீருக்கு, எந்த வாய்க்கால் மழையில் மட்டும் ஓடும், மேய்க்காலை எத்தனை குடும்பம் நம்பியிருக்கிறது என்பதெல்லாம் வருவாய்ப் பதிவேட்டில் முழுதாக இருக்காது. அடித்தளம் போட்டபின் தெரிவதைவிட, அப்போதே தெரிவது மலிவு. தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் 4(1) பிரிவும், மக்களைப் பாதிக்கும் முக்கிய முடிவுகளை அறிவிக்கும்போது தொடர்புடைய எல்லா உண்மைகளையும் தானாக வெளியிடச் சொல்கிறது.

எந்த நிலையத்துக்கு எது

நாளுக்கு 5 டன்னுக்குள் வரும் நுண் உரக்கூடம் என்றால் விளம்பரமோ பெரிய கூட்டமோ தேவையில்லை. 100 முதல் 200 மீட்டருக்குள் வீட்டுக்கு வீடு தாள், தெருவில் ஒரு மாலைக் கூட்டம், ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு உரக்கூடத்துக்கு அழைத்துப்போய்க் காட்டுவது. அங்கே போகும் நாள் மழைக்காலத்தில் அமைந்தால் இன்னும் நல்லது. நாற்றமும் ஈயும் உள்ளதை உள்ளபடி காட்டும்.

5 டன்னுக்கு மேல், ஆனால் கருத்துக்கேட்பு வராத நிலையம் என்றால், வீட்டுத் தாளும் பலகையும், ஊராட்சியில் சிறப்புக் கிராம சபையோ நகரத்தில் பகுதி சபையோ. தாள் போய் 15 நாளுக்குப் பிறகு சபை வைக்க வேண்டும்; அதற்கு முன் வைத்தால் படித்தவர் குறைவாக இருப்பார்கள்.

நாம் தொடங்கிய 50 டன் நிலையத்துக்கு எல்லாமே வேண்டும். மூன்று இடப் பட்டியலோடு முதல் சுற்று. இடம் முடிவானதும் வீட்டுத் தாளும் பலகையும். வரைவு அறிக்கை வந்ததும் விளம்பரமும் கருத்துக்கேட்பும். அந்த 30 நாளுக்குள் சிறப்புக் கிராம சபை. ஒவ்வொரு சுற்றிலும் கேட்ட கேள்விகளுக்கு எழுத்தில் பதில் போய்ச் சேர வேண்டும். முதல் சுற்றில் கேட்டதற்குப் பதில் இல்லாமல் இரண்டாவது சுற்றுக்குப் போனால், மூன்றாவது சுற்றில் நாற்காலி பறக்கும்.

அனுமதி கிடைத்த பிறகு

இங்கேதான் பலர் ஓய்ந்துவிடுகிறார்கள். முன்அனுமதி கிடைத்ததும் நிபந்தனைகளோடு இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும். உள்ளாட்சிகளுக்குப் பிரதி போய், அங்கே 30 நாள் காட்சிக்கு இருக்க வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீட்டுக்கு 30 நாள், தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள். சேவ் மோன் ரீஜியன் ஃபெடரேஷன் வழக்கில் 2013-இல் தீர்ப்பாயம், ஆணை முழுமையாகத் தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்தே இந்தக் காலம் ஓடத் தொடங்கும் என்றது. அரைகுறையாக வெளியிட்டு நாளைக் கடத்தலாம் என்று நினைப்பவருக்கு அதனால் பாதுகாப்பு ஒன்றும் கிடைக்காது. வழக்குக்கான கதவு திறந்தேதான் இருக்கும்.

ஊராட்சி அலுவலகத்தின் பூட்டிய அறைக்குள் ஒட்டிய ஆணை யார் கண்ணிலும் படாது. முன்பு வைத்த அதே தகரப் பலகைகளில், அதே அறிவிப்பு எண்ணின்கீழ், நிபந்தனைகளைத் தமிழில் எழுதி, மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதியையும் போடுங்கள். ரேஷன் கடை வரிசையில் நிற்பவருக்கு அதைப் படிக்க நேரம் இருக்கிறது.